பெயர் நீங்கியும் நீங்காத இடம்

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே நெடுஞ்சாலையின்மேல் அமைந்திருக்கும் அமரவிளை, திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் போகிறவர்கள் கடந்துசெல்லும் ஒரு சாதாரணக் கிராமமாகவே நெடுங்காலம் இருந்துவந்தது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியன்று மொழிவழி மாநிலங்கள் பிறந்து, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றதன் பயனாக, அமரவிளை எல்லைப்புறத்து ஊர்களுள் ஒன்றாயிற்று. எல்லை வந்த இடத்தில் சோதனைச் சாவடியும் வருவது இயல்பே. காலப்போக்கில் வணிகவரி இலாகாவும் கலால் இலாகாவும் அமரவிளையில் சாவடி வைத்து, வடக்கே போகும் சரக்கு வண்டிகளை நிறுத்திப் பார்க்கலாயின. 2017-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி சரக்கு சேவை வரி தேசமெங்கும் நடைமுறைக்கு வந்தபோது, வணிகவரிச் சாவடிகள் எடுபட்டன. ஆயினும் மனிதர் அருந்தும் மது அவ்வரிக்கு உட்படாமையாலும், கஞ்சா முதலிய போதைப்பொருள்களைத் தடுக்கும் பொறுப்பு கலால் இலாகாவிடமே இருந்தமையாலும், கலால் சாவடி நின்றது. ஓர் இலாகாவின் ஆட்சி அவ்விடத்திலிருந்து நீங்கியது மெய். அதனால் சோதனை நீங்கிவிட்டதா என்றால், இல்லை.

இந்த எல்லைப்புறத்து ஊர்களிலிருந்து இன்று கணினித் தொழிலுக்குப் போகும் இளைஞர்களின் வாயில் அடிக்கடி கேட்கிற ஒரு முறையீடு, மேற்சொன்ன விஷயத்தோடு நெருங்கிய உறவுடையது. ஒரு மென்பொருளையும், அது இயங்குவதற்கு வேண்டிய சகல துணைக் கோப்புகளையும், ஒரே பொதியாகக் கட்டிவைத்த கன்டெய்னர் இமேஜ் என்பவற்றைக் கொண்டு வேலை செய்கிறவர்கள், சேவையகத்தின் வட்டு நிரம்பி 'டிஸ்க் ஃபுல்' என்ற எச்சரிக்கை வந்தவுடன், வேண்டாத இமேஜ்களை வரிசையாக அழிக்கிறார்கள். அழித்தபின் வட்டின் இருப்பைக் கேட்டால், எத்தனை நிரம்பியிருந்ததோ அத்தனையே நிரம்பியிருப்பதாக யந்திரம் விடை சொல்கிறது. கோப்பு கண்ணில் படவில்லை; இடமும் கைக்கு வரவில்லை. இதனைக் கோளாறென்று கருதி யந்திரத்தை நொந்துகொள்வோர் பலர். ஆனால் இதன் அடியில் இருப்பது கோளாறன்று. அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தலைமுறைகள் பேணிவந்த ஒரு சம்பிரதாயம் என்பதும், பிறர் உபயோகித்துக்கொண்டிருக்கும் பொருளை அவர் கையிலிருந்து பறிக்கலாகாது என்னும் தர்மமே அதன் மூலம் என்பதும், அதன் சரித்திரத்தைப் பார்த்தால் விளங்கும்.

அச்சரித்திரத்தைத் தென்கோடியில் வாழும் நாம் அயலார் விஷயமென்று தள்ளிவிடுவதற்கில்லை. இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்காவாகிய டெக்னோபார்க் 1990-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்திலே தோன்றியது. 1979-இல் திறக்கப்பட்ட திருவனந்தபுரம்–நாகர்கோவில் ரயில் பாதை, பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதி மக்கள் தலைநகருக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்புவதை முன்னமே எளிதாக்கியிருந்தது. 2001-ஆம் ஆண்டு ஜூலையில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் பிதாவாகிய ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்து அவ்வியக்கத்தின் இந்தியக் கிளையைத் தொடங்கிவைத்தார். அக்காலத்திலேயே உருவான 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் பின்னர் கேரளத்து அரசுப் பள்ளிகளில் லினக்ஸை நிலைநாட்டியது. ஆகையால், பிற இடங்களில் கல்லூரியைக் கடந்தவர்கள் சந்திக்கும் ஓர் இயங்குதளம், இங்கே பள்ளிச் சிறுவர்களுக்கே பழக்கமான பொருளாயிற்று. அந்த லினக்ஸ் தன் ஆசாரங்களை எவரிடமிருந்து பெற்றதோ, அந்த முன்னோரிடம் நாம் இனிச் செல்லவேண்டும்.

1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி மாநிலத்து மரே ஹில் என்னுமிடத்தில் இருந்த பெல் ஆராய்ச்சிக்கூடம், மல்டிக்ஸ் என்ற பெரிய கூட்டு முயற்சியிலிருந்து விலகிக்கொண்டது. அம்முயற்சியில் ஈடுபட்டிருந்த கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும், கேட்பாரற்றிருந்த பிடிபி-7 என்ற சிறு யந்திரமொன்றின்மேல், தங்கள் மனத்துக்கு உகந்த ஓர் இயங்குதளத்தைத் தாமே கட்டத் தொடங்கினார்கள். யூனிக்ஸ் என்று பின்னர் பெயர்பெற்ற அத்தளம் 1971-இல் பிடிபி-11 யந்திரத்துக்குக் குடிபெயர்ந்தபோது, அதற்குக் கிடைத்த நினைவகம் 24 கிலோபைட். வட்டு 512 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே புகைப்படத்துக்கும் போதாத அவ்வட்டின்மேல்தான், அந்நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவைச் சேர்ந்த தட்டச்சாளர் மூவர் வேலை செய்ய, அதே யந்திரத்தில் ஆசிரியர்கள் இருவரும் தங்கள் தளத்தையும் வளர்த்துவந்தார்கள். இவ்வளவு சிறிய இடத்தைப் பலர் பங்கிட்டுக்கொள்ள நேர்ந்த காலத்தில், இடத்தை எப்பொழுது திருப்பி எடுத்துக்கொள்வது என்ற கேள்வி எத்துணை முக்கியமானது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

அக்கேள்விக்கு அவர்கள் கண்ட விடை மிக நேர்த்தியானது. கோப்பின் பெயரும் கோப்பும் ஒன்றென்ற எண்ணத்தை அவர்கள் விட்டார்கள். கோப்பின் அளவு, உரிமையாளர், வட்டில் அது குடியிருக்கும் கட்டங்கள் ஆகிய விவரங்கள் யாவும் ஐநோடு என்னும் ஒரு குறிப்பில் பதிவாயின. அடைவில் இருப்பதோ ஒரு பெயரும் அந்த ஐநோடின் எண்ணும் மட்டுமே. ஒரே கோப்புக்கு இரண்டு பெயர்களோ பத்துப் பெயர்களோ இருக்கலாம். எத்தனை பெயர்கள் உள்ளன என்ற கணக்கை ஐநோடே வைத்திருக்கும். நாம் அழிக்கும்படி கட்டளையிட்டால், அடைவிலிருந்து ஒரு பெயர் நீங்கும்; கணக்கில் ஒன்று குறையும். அக்கணக்கு பூஜ்யமாகி, அதோடு அக்கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஓடும் நிரல் ஒன்றுகூட இல்லையென்று ஆனபிறகே, கட்டங்கள் விடுதலை பெறும். அமரவிளையில் ஒரே சாலையை இரண்டு இலாகாக்கள் பிடித்திருந்தன. ஒன்று விட்டது, மற்றொன்று விடவில்லை. ஆதலால் சாலை விடுபடவில்லை. கோப்பின் நிலையும் இதுவே: எத்தனை பேர் விட்டார்கள் என்பதை யந்திரம் பார்ப்பதில்லை, எவரேனும் இன்னும் பிடித்திருக்கிறார்களா என்பதை மட்டுமே பார்க்கிறது.

இந்த ஏற்பாட்டினால் விளைந்த நன்மை அபாரமானது. ஒருவர் ஒரு கோப்பைப் படித்துக்கொண்டிருக்கையில் மற்றொருவர் அதை அழித்தாலும், படிப்பவருக்கு இடையூறு நேர்வதில்லை. அவர் முடித்து மூடும்வரையில் அக்கோப்பு அவருக்காகப் பெயரின்றி உயிரோடிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கோப்பையே அகற்றிப் புதிய பதிப்பை அவ்விடத்தில் வைத்தாலும், பழைய நிரல் தடுமாறாமல் தன் காரியத்தை முடிக்கும். புதிதாகத் தொடங்குவோர் புதியதைப் பெறுவர். கெட்டிக்கார நிரலாளர்கள் இதையே ஓர் உத்தியாகவும் கைக்கொண்டார்கள்: தற்காலிகக் கோப்பைத் திறந்தவுடனே அதன் பெயரை நீக்கிவிட்டால், நிரல் எக்காரணத்தால் நின்றுபோனாலும், குப்பை எதுவும் மிஞ்சாமல் இடம் தானே மீளும்.

அனுகூலத்தோடு ஒரு பிரதிகூலமும் கூடவே பிறந்தது. அடைவுகளில் தெரியும் கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் 'டியூ' என்ற கட்டளை ஒரு தொகையையும், வட்டின் மொத்தக் கணக்கைச் சொல்லும் 'டிஎஃப்' என்ற கட்டளை அதனினும் பெரிய தொகையையும் கூறும் சந்தர்ப்பங்கள் நேர்ந்தன. இரண்டும் மெய்யே சொல்கின்றன. பெயருள்ளவற்றை ஒன்று எண்ணுகிறது, இடம்பிடித்திருப்பவற்றை மற்றொன்று எண்ணுகிறது. இடைவெளியில் இருப்பவை, பெயரிழந்தும் பிடிவிடாத கோப்புகள். அவற்றைப் பிடித்திருப்பவர் யார் என்று கண்டுபிடிப்பதற்காகவே, பர்டூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விக் ஏபல் 'எல்எஸ்ஓஎஃப்' என்ற கருவியை எழுதி உலகுக்கு உபகாரம் செய்தார். திறந்திருக்கும் கோப்புகளையும் திறந்துவைத்த நிரல்களையும் அது பட்டியலிடும். அவற்றுள் பெயர் நீங்கியவற்றை மட்டும் பிரித்துக் காட்டும்படியும் கேட்கலாம்.

இதற்கு நேர்மாறான சம்பிரதாயமும் உலகில் இல்லாமற் போகவில்லை. 1981-இல் வந்த டாஸ், ஒரு யந்திரத்துக்கு ஒரே மனிதர் என்ற எண்ணத்தில் பிறந்ததாகையால், அங்கே அழித்தல் என்பது உடனுக்குடன் நடந்தது: கோப்புப் பெயரின் முதலெழுத்து மாற்றப்பட்டு, அது பிடித்திருந்த கட்டங்கள் காலி என்று அட்டவணையில் குறிக்கப்பட்டன. கட்டங்களினுள் இருந்த எழுத்துகள், வேறொன்று மேலே எழுதப்படும்வரையில் அப்படியே கிடந்தன. 1982-இல் பீட்டர் நார்ட்டன் வெளியிட்ட மீட்புக்கருவி புகழ்பெற்றது இந்தக் காரணத்தால்தான். அங்கே இடம் திரும்பிவிட்டது, பொருள் போகவில்லை. யூனிக்ஸில் பெயர் போய்விட்டது, இடம் திரும்பவில்லை. தனியொருவருக்கான ஆசாரமும் பலர் கூடிவாழ்வதற்கான ஆசாரமும் இவ்வளவு வேறுபடுகின்றன.

நினைவகத்தைப் பற்றிய சிந்தனையிலும் இதே பிரச்னை ஏற்கெனவே தலைகாட்டியிருந்தது. 1960-ஆம் ஆண்டில் ஜான் மக்கார்த்தி லிஸ்ப் மொழியைப் பற்றி எழுதிய கட்டுரையில், இடம் தீர்ந்துபோகும் தருணத்தில், உபயோகத்திலிருக்கும் பொருள்கள் எவையென்று மூலத்திலிருந்து தொடர்ந்து சென்று குறித்துக்கொண்டு, குறிபடாத மற்றவற்றைத் திரட்டி மீட்கும் முறையை விளக்கினார். அதே ஆண்டில் ஜார்ஜ் காலின்ஸ், ஒவ்வொரு பொருளும் தன்னைச் சுட்டுவோர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையைத் தானே வைத்துக்கொண்டு, அது பூஜ்யமானதும் இடத்தை விடுவிக்கும் வேறொரு முறையை முன்வைத்தார். பிற்காலத்தில் கன்டெய்னர் இமேஜ்களைக் காக்கும் மென்பொருள்கள் ஒரு கையால் காலின்ஸின் முறையையும், மற்றொரு கையால் மக்கார்த்தியின் முறையையும் பற்றிக்கொண்டு நிற்பதை நாம் காண்போம்.

இமேஜ்களுக்கு வருமுன் இன்னும் ஒரு கட்டத்தைக் கடக்கவேண்டும். மாற்றலாகாத ஒரு கோப்புத் தொகுதியின்மேல், மாற்றக்கூடிய மற்றொன்றைப் போர்த்தி, இரண்டையும் ஒன்றெனக் காட்டும் யுக்தியை, 1990-களில் பெர்க்லி யூனிக்ஸ் வகையில் ஜான்-சைமன் பெண்ட்ரியும் கிர்க் மக்குசிக்கும் செம்மைப்படுத்தினார்கள். கீழ்த்தட்டில் எழுத முடியாதாகையால், அங்குள்ள கோப்பை ஒருவர் அழித்தால் என் செய்வது? மேல்தட்டில், இப்பெயருடையது இல்லையென்று பாவித்துக்கொள்க என்னும் ஒரு மறைப்புக் குறி இடப்படும். பார்ப்பவர் கண்ணுக்குக் கோப்பு மறைந்துவிடும். கீழ்த்தட்டில் அது முன்போலவே முழு உருவோடு வீற்றிருக்கும். ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்து எரெஸ் ஜாடோக் குழுவினரின் யூனியன்எஃப்எஸ், ஜப்பானியராகிய ஒகஜிமா 2006-இல் தொடங்கிய ஏயூஎஃப்எஸ் ஆகியவை இவ்வழியை லினக்ஸுக்குக் கொண்டுவந்தன. எழுதமுடியாத குறுந்தகட்டிலிருந்தே ஒரு முழு லினக்ஸை எழுப்பிக் காட்டிய நாப்பிக்ஸ் போன்றவையும் பின்னர் இவற்றைக் கைக்கொண்டன. மிக்லோஷ் செரெடி எழுதிய ஓவர்லேஎஃப்எஸ், 2014 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 3.18-இல் அதிகாரபூர்வமான அங்கமாயிற்று.

2013-ஆம் ஆண்டு மார்ச்சில், கலிபோர்னியாவின் சான்டா கிளாராவில் நடந்த பைத்தான் மாநாட்டில், சாலமன் ஹைக்ஸ் சில நிமிஷங்களே பேசி டாக்கரை அறிமுகம் செய்தார். இமேஜிலிருந்து எழுப்பிய நிரலை மற்றவற்றினின்று பிரித்துத் தனியே ஓட்டும் கன்டெய்னர் என்னும் எண்ணம் அவருக்கு முன்பே இருந்தது. இமேஜைத் தட்டுத்தட்டாக, தொழிலில் உள்ளவர்கள் சொல்வதுபோல் லேயர் லேயராக, அடுக்கிவைத்து, ஒரே லேயரைப் பல இமேஜ்கள் பங்கிட்டுக்கொள்ளும்படி செய்து, அதை எவரும் எளிதில் கையாளத் தந்ததே டாக்கரின் சாதனை. பத்து இமேஜ்கள் ஒரே அடித்தளத்தின்மேல் எழுந்திருந்தால், அவ்வடித்தளம் வட்டில் ஒருமுறையே இருக்கும். சிக்கனம் இதில் உண்டு. சிக்கலும் இதிலேயே உண்டு. அந்தப் பத்தில் ஒன்பதை நீக்கினாலும் அடித்தளம் போகாது. ஒரே இமேஜுக்கு இரண்டு பெயர்க்குறிகள் இருந்தால், ஒன்றை நீக்கும்போது பெயர் மட்டுமே போகும். தாம்ஸனும் ரிச்சியும் வகுத்த பெயர்க்கணக்கு இங்கே மறுபிறவி எடுத்திருக்கிறது. ஓடி முடிந்து நின்றுபோன கன்டெய்னர்கூடத் தன் இமேஜைப் பிடித்தே வைத்திருக்கும்.

இமேஜைக் கட்டுகிறவர்கள் பலர் இடறுவதும் இத்தட்டுகளில்தான். ஒரு கட்டளையில் பெரியதொரு கோப்பைக் கொண்டுவந்து, அடுத்த கட்டளையில் அதை அழித்துவிட்டால் இமேஜ் இளைக்கும் என்று எண்ணுகிறார்கள். கொண்டுவந்தது ஒரு லேயர். அழித்தது அதற்குமேல் மற்றொரு லேயர். மேலதில் மறைப்புக் குறி மட்டுமே இருக்க, கீழதில் அக்கோப்பு அணுவளவும் குறையாமல் இருக்கும். இரகசியச் சாவிகளை இங்ஙனம் 'அழித்து'விட்டு, இமேஜைப் பொதுவில் வெளியிடுவோர் அடையும் தீங்கு இடநஷ்டத்தினும் பெரிது. கொண்டுவருவதையும் அழிப்பதையும் ஒரே கட்டளைக்குள் முடிப்பதும், 2017 மே மாதத்தில் வந்த பலகட்டக் கட்டுமானத்தின்படி, முடிந்த பொருளை மட்டும் புதிய இமேஜுக்கு எடுத்துச்செல்வதும் இதற்குரிய பரிகாரங்கள்.

பிடித்திருப்பவை எவை, விடத்தக்கவை எவை என்பதைக் கேட்டறிய, 2017 ஜனவரியில் வந்த டாக்கர் 1.13 வழி செய்தது. 'டாக்கர் சிஸ்டம் டிஎஃப்' என்ற கட்டளை இமேஜ், கன்டெய்னர், வால்யூம் முதலியவை பிடித்த இடத்தையும், அவற்றுள் மீட்கத்தக்கதையும் சொல்லும். 'டாக்கர் சிஸ்டம் ப்ரூன்' எவராலும் பிடிக்கப்படாதவற்றைத் துடைக்கும். நிரந்தரத் தரவு தங்கும் வால்யூம்களை மட்டும் தனியே கேட்டாலன்றித் தொடாது. இமேஜ்களைப் பலருக்கும் வழங்கும் ரெஜிஸ்ட்ரியிலோ, இமேஜின் பட்டியலை நீக்கினாலும் லேயர்கள் கிடக்கும். குப்பை திரட்டும் கட்டளையைத் தனியே ஓட்டினால்தான், எஞ்சிய பட்டியல்கள் சுட்டும் லேயர்களைக் குறித்துக்கொண்டு மற்றவற்றை அது அகற்றும். 1960-இல் மக்கார்த்தி சொன்ன வழியே இது. அவ்வேளையில் எவரும் புதிதாக எதையும் ஏற்றாதபடி ரெஜிஸ்ட்ரியைப் படிப்பதற்கு மட்டும் திறந்துவைக்க வேண்டும். இல்லையேல் பாதி ஏறிய இமேஜின் லேயர் குப்பையென்று கருதப்பட்டுப் போய்விடும்.

இத்தனையும் செய்தபின்னும் இடம் திரும்பாத ஒரு நிலை உண்டு. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்ட உதவும் டபிள்யூஎஸ்எல் இரண்டாம் பதிப்பின்மேல் டாக்கரை ஓட்டுவோரின் லினக்ஸ் முழுவதும் ஒரே பெரிய மெய்நிகர் வட்டுக்கோப்புக்குள் வாழ்கிறது. உள்ளே தேவை பெருகும்போது அக்கோப்பு வளரும். உள்ளே அழித்ததும் உட்கணக்கில் இடம் திரும்பும். ஆயினும் பல பதிப்புகளில் வெளிக்கோப்பு தானாகச் சுருங்குவதில்லை. உட்கணக்கும் புறக்கணக்கும் வேறாகையால், அங்கெல்லாம் அதைச் சுருக்கும் வேலையைத் தனியே செய்யவேண்டும். டாக்கரின் ஆரம்ப நாட்களில் ரெட் ஹேட் வகை லினக்ஸில் வழங்கிய டிவைஸ்மேப்பர் முறையும், கோப்புக்குள் வட்டை வைத்த காரணத்தால் இத்தகைய தொல்லைகளைத் தந்தது.

இனி, எல்லாவற்றிலும் அபாயகரமான வழக்கமொன்றைச் சொல்லவேண்டும். இடம் போதாத பதற்றத்தில் சிலர் டாக்கரின் சேமிப்பு அடைவுக்குள்ளேயே நுழைந்து, பெரிதாகத் தெரியும் கோப்புகளைக் கையால் நீக்கிவிடுகிறார்கள். ஓடும் கன்டெய்னர்கள் திறந்துவைத்திருப்பவை இடத்தை விடுவதில்லை. டாக்கரின் கணக்குப் புத்தகத்திலோ நீக்கப்பட்ட லேயர்கள் இன்னும் இருப்பதாகவே பதிவிருக்கும். இடமும் வராமல், கணக்கும் கெட்டு, இரண்டு நஷ்டங்கள் ஒருசேர நேர்கின்றன. கன்டெய்னரின் குறிப்பேட்டுக் கோப்பு இதற்கு நல்ல உதாரணம். வரம்பு விதிக்காவிட்டால் அது முடிவின்றி வளரும். அதைக் கையால் அழித்தால், டாக்கர் அதைத் திறந்தே வைத்திருப்பதால், பெயரற்றுப்போன அக்கோப்பிலேயே மேன்மேலும் எழுதிக்கொண்டிருக்கும். அத்தகைய கோப்பை அழிக்காமல், அதன் நீளத்தைப் பூஜ்யமாக்கினால் இடம் உடனே கிடைக்கும். முன்கூட்டியே அளவு வரம்பை விதித்திருந்தால் அத்தொல்லையே நேராது.

ஆகவே இடம் திரும்பாதபோது செய்யவேண்டிய விசாரணைக்கு ஓர் ஒழுங்கு ஏற்படுகிறது. டிஎஃப், டியூ என்னும் இரண்டு கணக்குகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, வேறுபாடு பெரிதாயின் எல்எஸ்ஓஎஃப் கொண்டு பிடித்திருக்கும் நிரலைக் கண்டு, அதை முறைப்படி நிறுத்தித் தொடங்குவது முதற்காரியம். வேறுபாடு இல்லையாயின், நின்றுபோன கன்டெய்னர்கள், இரட்டைப் பெயர்க்குறிகள், கட்டுமானத்தின் எச்சங்கள் ஆகியவற்றை டாக்கரிடமே கேட்டறிந்து நீக்குவது இரண்டாவது. அதன்பின், கோப்பு மெய்யாகவே அழிந்ததா, குப்பைத்தொட்டி அடைவுக்கு இடம் மாறியதா, பழைய நிலையைக் காக்கும் ஸ்னாப்ஷாட் ஏதேனும் அதைப் பற்றியிருக்கிறதா, மெய்நிகர் வட்டுக்குள் அகப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஒவ்வொரு படியிலும் கேட்கும் கேள்வி ஒன்றே: இன்னும் பிடித்திருப்பவர் யார்?

அக்கேள்வியைக் கேட்கும்படி செய்ததே இச்சம்பிரதாயத்தின் பெருமை என்பது என் துணிபு. 512 கிலோபைட் வட்டில் இடநெருக்கடியோடு வாழ்ந்தவர்கள், அழித்தவுடன் இடத்தைப் பிடுங்கிக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்திருந்தால் அவர்களைக் குறைகூற எவராலும் முடியாது. அவர்களோ, இடத்தின் நெருக்கடியைவிட, உபயோகித்துக்கொண்டிருப்பவரின் உரிமையைப் பெரிதாக மதித்தார்கள். அந்த மதிப்பே லினக்ஸுக்கும், லினக்ஸ் வழியே கன்டெய்னர்களுக்கும் வம்ச பரம்பரையாக இறங்கி வந்திருக்கிறது. அதன் காரணத்தை அறியாதவர் அவசரப்பட்டு வெட்டுகிறார்; அறிந்தவர் பிடித்திருப்பவரிடம் சென்று, அவர் வேலை முடிந்ததா என்று கேட்டு, விடச்செய்து, அதன்பின் இடத்தைப் பெறுகிறார். நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு லினக்ஸின் கட்டளைகளைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், அழிக்கும் கட்டளையைச் சொல்லித்தரும் அதே பாடத்தில் பிடித்திருப்பவரைத் தேடும் கட்டளையையும் சேர்த்துச் சொல்லித்தருவார்களாயின், பிற்காலத்தில் சேவையகங்களைக் காக்கப்போகும் அப்பிள்ளைகள் பதறாத கையும் பிறர் வேலையைக் கெடுக்காத மனமும் உடையவர்களாக வளர்வார்கள்.